திரையைக் கடந்த பாத்திரம்

இன்று ஒரு திரைப்படம் வெளிவருமுன்பே அதன் பாட்டு காட்சியுடன் வெளிவந்துவிடுகின்றது. நாயகனும் நாயகியும் தத்தம் வேடத்திலேயே அதில் தோன்றி, கதையில் ஒரு துளியைக் காட்டி, எஞ்சியதைக் காணக் கொட்டகைக்கு வருமாறு அழைக்கின்றனர். இதனைப் புதுமை என்று கருதுவோர் பலர். ஆனால் இவ்வழக்கம் பழமையானதே ஆகும்.

அந்நாளில் இப்பணியைச் செய்தது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாயிலில் ஓரிரு அணாவுக்கு விற்ற அச்சிறு நூலில் நடிகர் பெயர்களும் பாட்டுக்களும் கதைச் சுருக்கமும் இருக்கும். சுருக்கம் நெருக்கடியான கட்டத்தில் நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். புனே நகரில் 1964-இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், படச்சுருள்களுடன் இத்தகைய நூல்களையும் திரட்டி வைத்தது.

பாட்டோடு பாத்திரமும் திரையைக் கடந்து செல்லும் என்பதற்குப் புனேயிலேயே ஒரு சான்று உண்டு. 1933-இல் கோலாப்பூரிலிருந்து இந்நகருக்கு வந்த பிரபாத் நிறுவனம், 1936-இல் 'சந்த் துகாராம்' படத்தை வெளியிட்டது. இயக்கியோர் தாம்லே, ஃபத்தேலால் ஆகிய இருவர். துகாராமாக நடித்தவர் விஷ்ணுபந்த் பாக்னிஸ். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வடியார் வாழ்ந்த தேஹு, புனேக்கு அருகே இந்திராயணிக் கரையில் உள்ளது. அவருடைய அபங்கங்களோ மராட்டிய மக்களின் நாவில் வாழ்பவை. அவற்றோடு ஒன்றாக, அதே நடையில் சாந்தாராம் ஆடவலே புதிதாக இயற்றிய பாடல் ஒன்றும் படத்தில் இடம்பெற்றது. கேட்டோர் பலர் அதனையும் துகாராமின் வாக்கென்றே நம்பினர்!

இதன் மறுபக்கத்தையும் நாம் கண்டதுண்டு. 2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாட்டின் காட்சி, கதைமாந்தரைக் காட்டவில்லை. ஒலிப்பதிவு அறையில் தனுஷ் பாடுவதையே காட்டிற்று. பாட்டு உலகெங்கும் பரவியது. 2012 மார்ச்சில் வந்த '3' என்னும் படமோ அப்புகழை எட்டவில்லை. பாத்திரத்தோடு பிணைந்த பாட்டு மக்களைக் கதைக்குள் அழைத்துச் செல்கின்றது. பிணைப்பின்றிச் சென்ற பாட்டு தன் புகழைத் தானே சுமந்து செல்கின்றது.

ஆயினும் பிணைப்பு மிகும்போது ஓர் இழப்பும் நேர்கின்றது. அடியாரின் வாக்கோடு வேறுபாடின்றிக் கலந்தது ஆடவலேயின் வெற்றி. அவ்வெற்றியே அவர் பெயரை மறைத்தது. பாத்திரம் பாடுகின்றது என்று மகிழும் நாம், பாத்திரத்துக்குச் சொல் தந்தவர் யார் என்றும் ஒருமுறை கேட்பது நம் கடமை அன்றோ?