கோட்டையில் கேட்ட மெட்டு



இரண்டு மெட்டுகளின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஐரோப்பியப் பொதுமக்களின் வாயில் வழங்கியவை. இரண்டுமே ஆக்கியோன் யாரென்ற பெயரை இழந்தவை. ஒன்று, "ட்விங்கிள் ட்விங்கிள்" என்ற குழந்தைப் பாட்டால் உங்கள் தம்பி தங்கையருக்கும் தெரிந்த மெட்டு. மற்றொன்று, ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டு. இவற்றைப் பேரிசைவாணர் மூவர் கையாண்டனர். ஒருவர் வியன்னா நகரில் புகழ்பெற்ற மொசார்ட். மற்றொருவர் இத்தாலிய நாட்டுப் பிடில் மேதை பகனினி. மூன்றாமவர் நம் திருவாரூர் முத்துசாமி தீட்சிதர். எடுத்த பொருள் ஒன்று. செய்த செயல் வேறு. அந்த வேறுபாடுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதல் மெட்டு பிரெஞ்சு நாட்டில் வழங்கியது. 1761 ஆம் ஆண்டிலேயே அது அச்சேறிவிட்டது. நம் முறையில் சொன்னால், ஸஸ பப தத ப என்று ஏறி, மம கக ரிரி ஸ என்று இறங்குவது, அவ்வளவுதான். பாட்டு கற்கத் தொடங்கும் குழந்தையும் அரை நாழிகையில் பாடிவிடும். இந்த எளிய மெட்டை மொசார்ட் 1781, 1782 ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பியானோவுக்கு எடுத்துக்கொண்டு, அதன்மேல் பன்னிரண்டு உருமாற்றங்கள் செய்தார். நம் இசையில் ஒரே அடியைப் படிப்படியாக வளர்த்துப் பாடுவதைச் 'சங்கதி' என்கிறோம் அல்லவா? பெரும்பாலும் அதுபோன்றது என்று கொள்ளுங்கள். முதலில் வலக்கை விரைந்து ஓடும். அடுத்ததில் அந்த ஓட்டம் இடக்கைக்கு மாறும். எட்டாவதில் மெட்டின் சாயல் மாறித் துயரம் படரும். பதினொன்றாவது மிகவும் விளம்பமாக நடக்கும். பன்னிரண்டாவது தாள நடையையே மாற்றிக்கொண்டு துள்ளி முடியும். உடை பன்னிரண்டு மாறினும் உள்ளிருக்கும் ஆளை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். அதில்தான் கேட்போர்க்கு இன்பம்.

இரண்டாவது மெட்டு 1745 ஆம் ஆண்டில் லண்டன் நாடக அரங்குகளில் முழங்கிப் புகழ்பெற்றது. பகனினி 1829 இல் இதனைத் தனிப் பிடிலுக்கு எடுத்து உருமாற்றங்கள் அமைத்தார். வலக்கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல்களால் நரம்பை மீட்டுவது, ஒரே வேளையில் இரு நரம்புகளை ஒலிப்பிப்பது முதலிய அரிய வித்தைகளை அவர் அதில் வைத்தார். ஒருவர் வாசிக்கிறாரா, இருவர் வாசிக்கிறாரா என்று கேட்போர் திகைப்பர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அம்பத்தூரிலிருந்து வடகிழக்கே புறப்பட்டுப் புழலையும் மாதவரத்தையும் கடந்தால் மணலியை அடையலாம். இன்று அது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது இசைக்குப் புகலிடம் தந்த ஊர். கும்பினியாரிடம் துபாஷாக விளங்கிய மணலி முத்துகிருஷ்ண முதலியார், திருவாரூரிலிருந்து இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். முதலியாருக்குப் பின் அவர் மகன் சின்னையா என்னும் வேங்கடகிருஷ்ண முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பாண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் குடும்பத்தினர் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு வாய்த்தது. இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் அங்கே கேட்ட பிடிலின்மீது ஆசை கொண்டார். மணலி வள்ளலின் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதரோ அந்த மெட்டுகளின்மீது வடமொழிப் பாடல்கள் இயற்றினார். முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாடல்களே 'நோட்டுஸ்வர சாஹித்தியங்கள்'. 'நோட்டு' என்பது ஆங்கிலச் சொல்லின் தமிழ் உச்சரிப்பே.

அவற்றுள் 'ச்யாமளே மீனாக்ஷி' என்னும் பாடல், மொசார்ட் எடுத்தாண்ட அதே பிரெஞ்சு மெட்டில் அமைந்தது. 'ஸந்ததம் பாஹிமாம்' என்னும் பாடல், பகனினி எடுத்தாண்ட அதே அரச வாழ்த்து மெட்டில் அமைந்தது. ஈண்டு ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். தீட்சிதர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டைப் பார்த்து எழுதினார் என்று சிலர் கூறுவதுண்டு. அப்பாட்டின் சொற்கள் வெளிவந்தது 1806 இல். அவை இந்த மெட்டோடு இணைந்து பரவியது அதற்கும் பின்னர். தீட்சிதருடைய காதில் விழுந்தது மெட்டு. குழந்தைப் பாட்டு அன்று.

வகுப்பறையில் இச்செய்தியைச் சொன்னபோதெல்லாம் மாணவர் ஒருவராவது எழுந்து, "ஐயா, இது காப்பியடித்ததாகாதா?" என்று கேட்பதுண்டு. நல்ல வினாதான். விடை காண, தீட்சிதர் எதை எடுத்தார், எதை விடுத்தார் என்று பார்க்கவேண்டும். மெட்டை எடுத்தார், அதை மறைக்கவில்லை. ஒரு சுரத்தையும் நம் பாணிக்காக வளைக்காமல், பாண்டு வாசித்த நேர்நடையிலேயே வைத்தார். ஆனால் அரசனுக்கு எழுந்து நின்று கேட்கும் மெட்டு, அவர் கையில் இசைக்குரிய தெய்வமாகிய சியாமளையின் துதியாயிற்று. ஆள்வோரின் மெட்டை வாங்கிக்கொண்டவர், ஆள்வோரின் பணிவை வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படியாயின், மொசார்ட்டும் பகனினியும் செய்ததுபோல அவர் ஏன் அம்மெட்டுகளின்மேல் சங்கதிகளை அடுக்கவில்லை? ஆற்றல் இல்லாமையா? இல்லவே இல்லை. இங்கேதான் இரண்டு இசை மரபுகளின் உள்ளம் தெரிகிறது. ஐரோப்பிய இசைவாணனுக்கு மெட்டே மூலப்பொருள். அதைத்தான் அவன் விரிப்பான், சுருக்குவான், அணி பூட்டுவான். நம் இசைவாணனுக்கு மூலப்பொருள் இராகம். நோட்டுஸ்வரங்கள் சங்கராபரண இராகத்தின் ஏழு சுரங்களில் நடப்பவை. அதே சங்கராபரணத்தில் தீட்சிதர் கீழ்வேளூர்ப் பெருமான்மீது 'அக்ஷயலிங்க விபோ' என்ற கீர்த்தனையையும் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்றில் சுரங்கள் படிக்கட்டுப்போல் தனித்தனியே நிற்கின்றன. மற்றொன்றில் கமகத்தால் அசைந்து, ஒன்றோடொன்று குழைந்து, ஆற்று நீர்போல் நகர்கின்றன. மேலை மேதை ஒரு மெட்டுக்குள் பன்னிரண்டு உருவங்களைத் தேடினார். நம் மேதை அதே ஏழு சுரங்களுக்குள் வேறோர் உலகத்தைக் காட்டினார். இவற்றுள் உயர்வு தாழ்வு கற்பித்தல் அறியாமை.

வரலாற்றில் இதைவிடப் பெரிய உருமாற்றம் பாலுசாமி தீட்சிதர் கையில் இருந்த கருவிக்கு நேர்ந்தது. ஐரோப்பியர் நின்றுகொண்டு மோவாய்க்கடியில் தாங்கி வாசிக்கும் பிடிலை, நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கால்மீது ஊன்றிக்கொண்டு வாசித்தனர். இதனால் பிடிலைத் தாங்கும் பொறுப்பு இடக்கைக்கு இல்லாமற் போயிற்று. விரல்கள் நரம்பின்மீது தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களைப் பிடித்தன. நான்கு நரம்புகளையும் பாடுபவர் சுருதிக்கேற்ப ஸ-ப-ஸ-ப எனக் கூட்டினர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் தந்தத்தாலாகிய பிடிலைப் பரிசளித்தார் என்றால், புதிய கருவிக்கு அதற்குள் கிடைத்த மதிப்பை நீங்களே உணரலாம். இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது. மெட்டுகள் ஓரத்தில் நின்றன. கருவி நடுக்கூடத்திற்கு வந்துவிட்டது.

மெட்டுகளும் முற்றும் மறையவில்லை. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, அவர் மாணவர் மதுரை மணி ஐயர் கச்சேரிதோறும் பாடிப் பரப்பிய 'இங்கிலீஷ் நோட்டு' அந்தப் பழைய உறவின் பேரப்பிள்ளை. நான் அம்பத்தூரில் வளர்ந்தவன். ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஆசிரியப் பணி புரிந்தவன். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலங்களில் நாகசுரக்காரர் இந்த நோட்டை எடுத்தவுடன், அதுவரை கதை பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் வாய் மூடுவதையும், சிறுவர்கள் தம்மை அறியாமல் கால் மாற்றி அணிநடை போடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். கும்பினி ஆட்சிக் காலத்தில் படைவீரர் தங்கியிருந்த ஊர் பூவிருந்தவல்லி. ஆவடியோ இன்றும் படைத்துறைத் தொழிற்சாலைகள் நிறைந்த நகர். அணிநடை எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும், தவிலோடு கூடிய நாகசுரத்தில் அது ஒலிக்கும்போது வேற்றூர்ச் சரக்கு என்று எவரும் எண்ணுவதில்லை.

இக்காலத்தில் உங்களில் பலர் மாலை வேளைகளில் கீபோர்டு பயிலச் செல்கிறீர்கள். முதல் பாடமாக அந்தப் பிரெஞ்சு மெட்டையே பெரும்பாலும் கற்றுத் தருகிறார்கள். வெளிநாட்டுக் கலையைத் தொட்டால் நம் கலை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் கலை என்று மயங்குவோர் மறுபுறம். இரு சாராரும் மணலி வீட்டு அண்ணன் தம்பியரை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் கலையில் ஆழ வேரூன்றியவனுக்கு அயலார் கலை பகையாகாது. வேரில்லாதவனுக்கு எந்தக் கலையும் உறவாகாது. ஆகவே அந்த எளிய மெட்டை நன்றாக வாசியுங்கள். மொசார்ட்டின் பன்னிரண்டு உருமாற்றங்களையும் கேளுங்கள். பிறகு 'ச்யாமளே மீனாக்ஷி'யைப் பாடக் கற்று, 'அக்ஷயலிங்க விபோ'வைக் கண்மூடிக் கேளுங்கள். எதை வாங்கலாம், எதைக் காக்கவேண்டும் என்பதை உங்கள் செவியே உங்களுக்குச் சொல்லும்.