தாழ்ந்த அடிவானம்: டேனியல்களின் திருச்சிப் படங்களும் டச்சு நிலக்காட்சி மரபும்

தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டுப் பயணத்தில் வரைந்த திருச்சிப் படங்களை ஆங்கிலேயப் ‘பிக்சரெஸ்க்’ (ஓவியத்துக்கு உகந்த அழகைத் தேடும்) மரபின் கிளையாகவே கலை வரலாறு வாசித்துவந்திருக்கிறது. வில்லியம் கில்பின் வகுத்த இலக்கணம், அதற்குப் பின்னால் கிளாட் லொரெய்னின் இத்தாலிய நிலக்காட்சி, இரண்டுக்கும் மேலே ஏகாதிபத்தியப் பார்வை என்ற அடுக்கு எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வாசிப்பு வட இந்தியப் படங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். திருச்சி மலைக்கோட்டைக்குப் பொருந்தவில்லை. அங்கே படத்தைத் தாங்கும் எலும்புக்கூடு 17ஆம் நூற்றாண்டு டச்சு நிலக்காட்சியினுடையது; குறிப்பாக, ஜேக்கப் வான் ரூயிஸ்தாலின் ஹார்லெம் காட்சிகளினுடையது.

டேனியல்களின் அச்சுப்படத் தொகுப்பான ‘ஓரியண்டல் சீனரி’யின் இரண்டாம் தொகுதி (1797–98) திருச்சியை மூன்று இடங்களில் நின்று பார்க்கிறது: காவிரியிலிருந்து, தென்கிழக்கிலிருந்து, கோட்டைக்குள்ளிருந்து. விவாதம் முழுவதும் முதல் படத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. முன்னால் ஆறு, அப்பால் கரை, அதற்கு மேல் பாறை. பாறையை வேண்டுமென்றே உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த முற்றுகைப் போர்களை நினைவூட்டும் வெற்றிச் சின்னமாக்கியிருக்கிறார்கள் என்பது பழகிப்போன குற்றச்சாட்டு.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். காவிரியின் தென்கரையிலிருந்து அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. தென்கரை ஓரமாக நிற்பவர் கண்ணுக்குப் பாறை 4.7 பாகை எழும்பும். ஆற்றின் அகலம் அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீரங்கக் கரையில் நின்றால் அதே பாறை 3.2 பாகையாகச் சுருங்கிவிடும். நிற்கும் இடம் ஆற்றின் எந்த ஓரம் என்பதே பாறையை ஒன்றரை மடங்கு கூட்டும், குறைக்கும். படத்தின் தலைப்போ ‘ஆற்றிலிருந்து’ என்பதோடு நின்றுவிடுகிறது. டேனியல்கள், எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் காமிரா அப்ஸ்க்யூராவைப் பயன்படுத்தியவர்கள். அந்தக் கருவி எவ்வளவு அகலமான காட்சியை உள்வாங்கியது என்பதைப் பொறுத்தும் தாளில் பாறையின் அளவு மாறும். ஆகவே, மிகைப்படுத்தினார்கள் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மிகைப்படுத்தவே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. மிகைப்படுத்தலை ஆதாரமாக வைத்துக் கட்டிய முடிவுகளுக்கு அடித்தளம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

டச்சு மரபு என்றாலே கண்டதை அப்படியே எழுதுவது என்ற எண்ணமும் இங்கே குறுக்கே வருகிறது. ரூயிஸ்தால் சுமார் 1650இல் ஜெர்மானிய எல்லையிலுள்ள பென்ட்ஹைம் கோட்டையைப் பார்த்தார். அது நிற்பது ஒரு தாழ்ந்த குன்றில். 1653இல் அவர் தீட்டிய படத்தில், இன்று டப்ளினில் இருப்பதில், அது மரங்கள் அடர்ந்த பெருமலை மேல் ஏறி நிற்கிறது. அப்படி உயர்த்தியவருக்கு வெல்ல வேண்டிய பேரரசு எதுவும் பென்ட்ஹைமில் இல்லை. தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு ஓர் உயரம் கிடைத்தது; அதை விடவில்லை.

அதே ரூயிஸ்தால் 1670களில் ஹார்லெமை மணல்மேடுகளின் மேலிருந்து வரைந்தபோது வேறு வழியைப் பிடித்தார். ஹேக் நகரின் மொரித்ஷாயிஸ் அருங்காட்சியகத்திலுள்ள படத்தில் வானம் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. கீழே வெளுப்பதற்காக விரித்த துணிகள். மேகத்தின் இடைவெளியில் விழும் வெயில் அவற்றைப் பட்டை பட்டையாகத் தொடுகிறது. அடிவானத்தில் செயின்ட் பாவோ தேவாலயம் ஒன்றே தலைதூக்குகிறது. தட்டையான ஈர நிலம், தாழ்ந்த அடிவானம், ஒற்றைச் செங்குத்து: இதுதான் அந்த அமைப்பு. கிளாட்டின் அமைப்பு வேறு. அதற்குப் பார்வையைப் படிப்படியாக உள்ளே கொண்டுசெல்லும் குன்றுகளும் தொலைமலைகளும் வேண்டும். ஆற்றிலிருந்து மலைக்கோட்டையை நோக்குபவருக்கு அத்தகைய படிகள் இல்லை. ஆறு, கரை, பாறை, மீதி வானம். கழிமுகச் சமவெளி நெருங்கும் நிலம் தானாகவே ஹார்லெமின் இலக்கணத்தைக் கேட்கிறது.

டேனியல் ரூயிஸ்தாலைப் பார்த்து நகலெடுத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆங்கில ஓவியர்களில் கெய்ன்ஸ்பரோ இளமையிலேயே ரூயிஸ்தாலைப் பார்த்து வரைந்து பழகியவர். ரெனால்ட்ஸ் 1781இல் நெதர்லாந்துக்கே போய் ஓவியங்களைப் பார்த்து வந்தவர். 1773இல் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்த தாமஸுக்கு அந்தக் கண் லண்டனிலேயே கிடைத்திருக்கும். 1781 வரை டச்சுக்காரர் கையிலிருந்த நாகப்பட்டினம் வழியாக வந்ததோ என்ற ஐயம் சுவையானது, தேவையற்றது.

தென்கிழக்குப் படம் இந்த வாதத்துக்கு இன்னும் பலம். தஞ்சைச் சாலையில் துவாக்குடியிலிருந்து திருச்சி நோக்கி வருபவர் மலைக்கோட்டையை அடையுமுன் எறும்பீசுவரர் கோயில் நிற்கும் திருவெறும்பூர்க் குன்றைக் கடக்கிறார், பிறகு பொன்மலை. உய்யக்கொண்டான் வாய்க்கால் வாழவந்தான்கோட்டை ஏரியில் வந்து முடியும் இந்தப் பக்கத்தில் பாறைகள் ஒன்றல்ல, பல. ‘தென்கிழக்கு’ என்று தலைப்பிட்ட படத்தின் நடுநாயகம் மலைக்கோட்டை மட்டுமே. ஓவியர் பொன்மலைக்கும் கோட்டைக்கும் இடையில் நின்றிருந்தால் மற்ற இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அப்படியானால் அந்த இடத்தைத் தேர்ந்ததே முக்கியம்: ஒற்றைச் செங்குத்து கிடைக்கும் வரை அவர் முன்னே நடந்திருக்கிறார்.

ஓரங்களில் மரங்களை நிறுத்துவது பிக்சரெஸ்கின் முத்திரை ஆயிற்றே என்பார்கள். ரூயிஸ்தாலிடம் இல்லாத மரமா? படங்களை வாங்கியோர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் என்பார்கள். அது சந்தையை விளக்கும். அடிவானம் ஏன் தாழ்ந்தது என்பதை விளக்காது. ஏகாதிபத்தியப் பார்வை என்பார்கள். திருச்சி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்ததே 1801இல், அச்சுப் படங்கள் வெளிவந்த பிறகு.

இந்தப் படங்களை இனி நிலத்திலிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். லின்னேயஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட திருச்சி ஒளிப்படங்களை அருகில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடத்தைக் காவிரிக் கரையிலும் தஞ்சைச் சாலையிலும் அளந்து குறிப்பதே அடுத்த வேலை. அதைச் செய்யாமல் ஓவியரின் உள்நோக்கத்தைப் பேசுவது, பாறையின் உயரம் தெரியாமல் நிழலை அளப்பது.