களம் தாமதமாக வந்தது

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்பரி என்று ஒரு தொழில் நகரம். 1960-களின் தொடக்கத்தில், ஒரு கோடைக்காலத்தில், அந்த ஊர் மைதானத்தில் தர்ம காரியத்துக்காக ஒரு வேடிக்கைப் போட்டி நடந்தது. மட்டை பிடித்து நின்றவர் டெட் வில்லியம்ஸ். பேஸ்பால் ஆட்டத்தில் பத்து முறைக்கு மூன்று முறை பந்தைச் சரியாக அடித்துவிட்டாலே கெட்டிக்காரன் என்பார்கள். வில்லியம்ஸோ 1941-இல் நாலு முறைக்கு மேல் அடித்துக் காட்டிய மகா சூரர். எதிரே பந்து வீச வந்தவள் அதே ஊர்ப் பெண், ஜோன் ஜாய்ஸ். வயது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம்.

அவள் வீசியது ஸாப்ட்பால். பேஸ்பாலைவிடப் பெரிய பந்து. பெயரில்தான் மென்மை. கையை இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து வீச வேண்டும். பேஸ்பாலில் வீசுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். பெண்கள் ஸாப்ட்பாலில் அன்று அதைவிட மிகக் குறைந்த தூரம்தான். யோசிப்பதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடும். வில்லியம்ஸ் வீசி வீசிப் பார்த்தார். ஓரிரண்டு பந்துகள் மட்டையின் விளிம்பைத் தொட்டுப் போனதோடு சரி. கடைசியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கதையை அமெரிக்கர்கள் இன்றும் ரசித்துச் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் கதையின் சுவை சற்றுக் குறைந்துவிடும். மோட்டார் வண்டிகளுக்கு பிரேக் பட்டை செய்யும் ரேபெஸ்டாஸ் கம்பெனி ஒரு பெண்கள் குழுவை ஆதரித்து வந்தது. பிரேக்கெட்ஸ் என்று அதற்குப் பொருத்தமாகப் பெயரும் வைத்திருந்தார்கள். ஜோன் அதில் சிறு பெண்ணாகவே சேர்ந்தவர். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. கலிபோர்னியாவில் சாப்மன் கல்லூரியில் படித்தபோதும் அவர் பேர் வாங்கியது கல்லூரிக்காக ஆடியல்ல. ஆரஞ்ச் லயனெட்ஸ் என்ற ஊர்க் குழுவுக்காக ஆடித்தான். பந்து வீசத் தெரிந்த பையனைக் கல்லூரிகள் உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்ட காலம் அது. பெண்ணை அப்படி அழைப்பார் இல்லை.

அரசாங்கப் பணம் பெறும் கல்விக் கூடங்களில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1972-இல் வந்தது. ஜோனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டம் பிறகு வந்த பெண்களுக்குத்தான் உதவும். 1974-இல் உலகப் பட்டத்தை அமெரிக்காவுக்கு வென்று தந்தார். 1976-இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குடன் சேர்ந்து, பெண்கள் சம்பளத்துக்கு ஆட ஒரு தொழில்முறைப் பந்தயத் தொடரை ஏற்படுத்தினார். நாலு வருஷமும் அவருடைய குழுவே வென்றது. அதற்குமேல் தொடர் நீடிக்கவில்லை. இதற்கிடையே கோல்ப் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு, பிழைப்புக்காக அதில் இறங்கிப் பல வருஷம் ஆடினார்.

1994-இல் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் பெண்கள் ஸாப்ட்பால் குழு ஒன்றைப் புதிதாகத் தொடங்க நினைத்து, அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. ஐம்பத்து நாலு வயதில், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குழுவைக் கட்ட வேண்டும். கட்டினார். அடுத்த ஆண்டு முதல் ஆட்டத் தொடர். 2022 மார்ச்சில், எண்பத்தொன்றாவது வயதில் காலமானபோதும் அவர் அதே பதவியில்தான் இருந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் குழுவின் ஆயிரமாவது வெற்றியைக் கண்டிருந்தார்.

ஆயிரம் வெற்றியைப் புகழ்வது சுலபம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவர் பயிற்சி கொடுத்த பெண்களில் பலர் கல்லூரிச் சம்பளத்தைக் கல்லூரிப் பணத்திலேயே கட்டிப் படித்தவர்கள். வில்லியம்ஸைத் திணற அடிக்கும் கை அவர்களில் ஒருத்திக்கும் இருந்திருக்காது. அந்தக் கை இருந்தவருக்கோ அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பிறர் பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்று கற்றுக் கொடுத்தார்.