ஒழுங்கின்மைக் கோட்பாடும் கற்கும் நிறுவனங்களும்

கற்கும் நிறுவனம் என்பது தன் உறுப்பினர்களின் கற்றலை ஊக்குவித்து, அதன்வழித் தன்னையும் தொடர்ந்து மாற்றிக்கொள்ளும் நிறுவனமாகும். கணிதத்திலும் வானிலை ஆய்விலும் உருவான ஒழுங்கின்மைக் கோட்பாடு, 1990களில் சிக்கலமைவுக் கோட்பாட்டுடன் சேர்ந்து மேலாண்மைத் துறையில் பரவலாகப் பேசப்பட்டது.

தோற்றம்

1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லாரன்ஸ் வானிலை மாதிரி ஒன்றைக் கணினியில் இயக்கினார். கணக்கை மீண்டும் செய்தபோது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று உள்ளிட்டார். முதலில் ஒத்துச் சென்ற முடிவுகள் பின்னர் முற்றிலும் வேறுபட்டன. விதிகள் திட்டவட்டமாக இருந்தாலும் நெடுங்கால முன்கணிப்பு இயலாமற் போகலாம் என்பதை அவர் 1963இல் கட்டுரையாக வெளியிட்டார். 1984இல் தொடங்கப்பட்ட சாண்டா ஃபே நிறுவனம், மேலிருந்து கட்டளை இன்றியே ஒழுங்கு உருவாகும் சிக்கலமைவுகளை ஆராய்ந்தது.

பீர் விளையாட்டு

மாசசூசெட்ஸ் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் 1956 முதல் அமைப்பு இயக்கவியலை வளர்த்தார். அங்கு உருவானதே பீர் விளையாட்டு. இதில் சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகிப்பாளர், ஆலை எனும் நான்கு நிலைகள் உண்டு. வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாக ஒரே ஒரு முறை உயர்கிறது, பின்பு மாறுவதில்லை. சரக்கு வரத் தாமதமாவதால் ஒவ்வொருவரும் கூடுதலாகக் கேட்கின்றனர். ஆலையை எட்டும்போது தேவை பன்மடங்காகத் தோன்றுகிறது. முடிவில் சரக்கு தேங்குகிறது. ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகின்றனர். குறையோ அமைப்பின் கட்டமைப்பில் உள்ளது.

ஆட்டக்காரர்கள் முடிவெடுத்த முறைகளைக் கணினியில் இயக்கிய ஜான் ஸ்டெர்மன், அவற்றுள் சில ஒழுங்கின்மை நடத்தையைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினார். 1990இல் பீட்டர் செங்கே, இவ்விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு கற்கும் நிறுவனத்தின் ஐந்து நெறிகளை விளக்கினார். அவை: தனித்தேர்ச்சி, மனமாதிரிகள், பகிர்ந்த நோக்கு, குழுக் கற்றல், இவற்றை இணைக்கும் அமைப்புநோக்குச் சிந்தனை.

விரிவும் விமர்சனமும்

1992இல் மார்கரெட் வீட்லி, இயற்கை அறிவியலின் புதிய கருத்துகளைத் தலைமைப் பண்புடன் இணைத்து நூல் எழுதினார். பிரித்தானியாவில் ரால்ஃப் ஸ்டேசி, எதிர்காலத்தை முன்கூட்டி அறிய இயலாத நிலையில் நெடுங்காலத் திட்டங்களை மட்டும் நம்புவது பயன் தராது என்று வாதிட்டார்.

ஆனால் பின்னாளில் ஸ்டேசியே இவ்வணுகுமுறையின் எல்லையைச் சுட்டினார். காற்றுக்கும் நீருக்கும் எண்ணமோ விருப்பமோ இல்லை, மனிதர்க்கு உண்டு. மேலாளர் அமைப்புக்கு வெளியே நின்று அதை இயக்குபவர் அல்லர். அன்றாட உரையாடலிலும் அதிகாரப் போட்டியிலும் அவரும் ஒருவரே. எனவே வானிலைச் சமன்பாட்டை அலுவலகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. முன்கணிப்பில் அடக்கம், சிறு பிழைகளை விரைவில் கவனித்தல், பழி கூறுமுன் கட்டமைப்பை ஆராய்தல் ஆகியவையே இக்கோட்பாடுகளிலிருந்து நிறுவனங்கள் பெறத்தக்க பாடங்களாகும்.