கல்லில் எழுதிய மூலப்பத்திரம்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள பாட்டஸ்ஃபோர்டு ஊரின் புனித மரியாள் ஆலயத்தில், பலிபீடத்தை ஒட்டிய பகுதியில் நடக்கவே இடம் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குக் கல்லறைகள். ரட்லண்ட் ஏர்ல் பட்டம் பெற்ற மேனர்ஸ் குடும்பத்தின் முதல் எட்டுப் பட்டக்காரர்கள், மனைவி மக்களோடு சிலைகளாக அங்கே இருக்கிறார்கள். 1543இல் இறந்தவர் முதலாமவர். 1679இல் இறந்தவர் எட்டாமவர். ஊரார் பொதுவாக வழிபடும் ஆலயத்தில், அதுவும் அதன் மிகப் புனிதமான பகுதியில், ஒரு குடும்பம் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டதற்குப் பக்தியையும் பாசத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் இல்லாமலில்லை. ஆனாலும் இந்தக் கல்லறைகளை முதலில் மூலப்பத்திரங்களாகத்தான் படிக்க வேண்டும் என்பேன். இன்னார் வழியில் இன்னார், ஆகவே இந்த மண் எங்களுடையது என்று உயிரோடிருப்பவர்களுக்காகப் பதிவுசெய்த சாசனங்கள் அவை.

இதற்கு முதல் சான்று, அங்கே கிடக்கும் மேனர்ஸ் அல்லாதவர்கள். 1414இல் இறந்த வில்லியம் டி ராஸ், 1421இல் இறந்த ஜான் டி ராஸ் இருவரின் அலபாஸ்டர் சிலைகளும் இந்த ஆலயத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவர்கள் பெல்வாயர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். (எழுத்தில்தான் பெல்வாயர்; அந்த ஊரார் வாயில் அது பீவர்.) எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை மூடியபோது, பிரபுக் குடும்பங்கள் பரம்பரையாகப் புதைக்கப்பட்ட இடங்களும் போயின. அந்த மடச் சொத்துகளில் பங்கு பெற்றவர்களில் ஒருவர் முதலாம் ஏர்ல் தாமஸ் மேனர்ஸ். ராஸ் பட்டமும் பெல்வாயர் கோட்டையும் அவர் குடும்பத்துக்கு ஆண்வழியில் வந்தவை அல்ல; பாட்டி எலினார் டி ராஸ் வழியாக வந்தவை. ஏர்ல் பட்டமோ 1525இல் கிடைத்த புதுப் பட்டம். பெண்வழியில் சொத்து வந்த வீட்டுக்குப் பழைய ஆண்வழியின் கல்லறைகள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம்! மடம் மண்ணானது, ராஸ் பிரபுக்கள் மட்டும் பாட்டஸ்ஃபோர்டு வந்து சேர்ந்தார்கள்.

பீடத்தின் அருகில் புதைப்பது ஆன்மா கடைத்தேறத்தானே என்று கேட்கலாம். பழைய கத்தோலிக்கக் காலத்துக்கு அது பொருந்தும். ஆனால், இறந்தபின் பாவம் கழுவப்படும் இடமாக நம்பப்பட்ட உத்தரிக்கும் ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விடப்பட்ட அறக்கட்டளைகளை 1547ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. மன்றாட்டுதான் நோக்கம் என்றால் அதற்குப் பின் கல்லறைகள் சிறுத்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. மூன்றாம், நான்காம் ஏர்ல்கள் ஓராண்டு இடைவெளியில் இறந்தபோது, லண்டனில் குடியேறியிருந்த டச்சுச் சிற்பி ஜெரார்டு ஜான்சனிடம் இரண்டு பிரம்மாண்டக் கல்லறைகள் செய்யச் சொன்னார்கள். 1591இல் அவை கப்பலில் பாஸ்டன் துறைமுகம் வந்து, அங்கிருந்து வண்டிகளில் ஊர் சேர்ந்தன. மன்றாட்டு கேட்கும் வரிகள் இருந்த இடத்தில் இப்போது குலச்சின்னங்களும் பதவிகளும் சம்பந்தம் செய்த வீடுகளும். அரசே இதை ஒளிக்கவில்லை. ஆலயங்களிலுள்ள நினைவுச்சின்னங்களை உடைப்பதைத் தடுத்து எலிசபெத் அரசி 1560இல் விடுத்த பிரகடனம், அவை சிதைந்தால் குடும்பங்களின் வரலாறு மங்கி, வாரிசுரிமைக்கே இடையூறு வரும் என்று காரணம் காட்டுகிறது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

துக்கத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாகச் சொல்பவர்கள் ஆறாம் ஏர்ல் பிரான்சிஸின் கல்லறையைக் காட்டுவார்கள். அதில் அவருடைய இரண்டு சிறுவர்களின் உருவங்களும் உண்டு. இருவரும் பொல்லாத சூனியத்தால் குழந்தைப் பருவத்திலேயே இறந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவரின் வேதனை பொய்யல்ல. ஆனால் அந்த வேதனை அங்கே குற்றச்சாட்டாகவும் பதிவாகியிருக்கிறது. பட்டத்துக்குரிய மகன்கள் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. மூத்தவன் 1613இல் இறந்தான். கோட்டையில் வேலை பார்த்து நீக்கப்பட்ட மார்கரெட் ஃபிளவர், அவளுடைய சகோதரி பிலிப்பா, தாய் ஜோன் மூவர் மீதும் பழி விழுந்தது. தாய் சிறைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தாள். மகள்கள் இருவரையும் 1619 மார்ச்சில் லிங்கன் நகரில் தூக்கிலிட்டார்கள். இளைய மகன் பிரான்சிஸ் இறந்தது அதற்கு ஓராண்டு கழித்து, 1620இல். தூக்கில் தொங்கிய சகோதரிகளின் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை.