வீட்டு நனிசைவ பிஸ்கட்

வீட்டு நனிசைவ பிஸ்கட் என்பது முட்டை, பால், வெண்ணெய், நெய், தேன் எதுவும் சேர்க்காமல், மாவையும் இனிப்பையும் தாவரக் கொழுப்பையும் பிசைந்து சிறு வட்டங்களாகச் சுட்டெடுக்கும் தின்பண்டம். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், இதற்கு வேண்டிய பொருள்களுள் பல உள்ளூரிலேயே விளைகின்றன. தேங்காய், கித்துள், கறுவா, கராம்பு, சாதிக்காய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கோதுமை மாவோ இறக்குமதியான கோதுமையிலிருந்து அரைக்கப்படுவது. அவன் அடுப்பு இல்லாத தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டிலும் விறகடுப்பைக் கொண்டே இதைச் சுடலாம்.

சைவமும் நனிசைவமும்

தோட்டத் தமிழரிடையே சைவ உணவு பெரும்பாலும் விரதத்தோடு சேர்ந்தது. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, நவராத்திரி நாள்களில் பலர் மச்சம் சேர்ப்பதில்லை. முட்டை அப்போது விலக்கு. பால், தயிர், நெய் விலக்கல்ல. நனிசைவமோ பாலையும் தேனையும் சேர்த்தே ஒதுக்குகிறது. இக்கொள்கைக்கென 1944-இல் பிரித்தானியாவில் டொனால்ட் வாட்சனும் அவருடன் சேர்ந்த சிலரும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினர். எனவே முட்டை போடாமல் நெய் சேர்த்துச் சுட்ட பிஸ்கட் விரதக்காரருக்கு ஆகும், நனிசைவருக்கு ஆகாது. மாஜரின் விஷயத்திலும் கவனம் தேவை. சில வகைகளில் பாலின் திடப்பொருள் கலந்திருக்கும் என்பதால் உறையில் அச்சிட்ட பொருள் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

இலங்கையின் பழைய பலகாரங்களில் முட்டையும் பாலும் இல்லாதவை ஏற்கெனவே பல உண்டு. அரிசி மாவும் பாணியும் சேரும் அலுவா, பயறு மாவில் செய்யும் முங் கெவும், தேங்காய்ப் பாலைக் கிண்டி எடுக்கும் தொதல் ஆகியவை அவ்வகை. ஆனால் இவை கிண்டியோ பொரித்தோ செய்யப்படுபவை. பிஸ்கட் உலர்ந்த வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் மாவுக்கலவை வேறு கணக்கில் அமைகிறது.

பொருள்கள்

கித்துள்: கரியோட்டா யூரென்ஸ் என்னும் பனை வகை. இதன் பூங்கொத்தைச் சீவி வடியும் பதநீரைக் காய்ச்சினால் பாணி கிடைக்கும். மேலும் இறுகக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. சப்ரகமுவ இத்தொழில் வேரூன்றிய பகுதிகளுள் ஒன்று. கருப்பட்டியில் சுக்குரோசுடன் சிறிது குளுக்கோசும் புருக்டோசும் இருப்பதால், பால் புரதம் இல்லாத பிஸ்கட்டும் நன்கு பழுப்பேறுகிறது. அவை ஈரத்தை இழுத்து வைப்பதால் வெள்ளைச் சீனி பிஸ்கட்டைவிட இது சற்று மென்மையாக இருக்கும். சந்தையில் சீனி கலந்த கருப்பட்டியும் விற்கப்படுகிறது. அதில் கித்துளின் மணம் குறைவு.

தேங்காய் எண்ணெய்: சுமார் 24 பாகை செல்சியசில் உருகுவது. இரத்தினபுரி போன்ற தாழ்நிலங்களில் பகல் வெப்பம் இதைவிட மிகுதி என்பதால் எண்ணெய் நீர்மமாகவே இருக்கும், மாவு தளர்ந்துவிடும். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் குளிர்ந்த காலையில் அதே எண்ணெய் உறையக்கூடும். தளர்ந்த மாவை அரை மணி நேரம் குளிரில் வைத்தால் தட்டுவதற்கு எளிது.

முட்டைக்கு மாற்று: கேக்கில் முட்டை காற்றைப் பிடித்து உப்ப வைக்கிறது. பிஸ்கட்டில் அதன் வேலை பெரும்பாலும் மாவைப் பிணைப்பதும் ஈரம் தருவதுமே. இவ்விரண்டையும் கருப்பட்டிப் பாகும் கெட்டித் தேங்காய்ப் பாலும் செய்துவிடும். உப்புவதற்கு பேக்கிங் பவுடர் போதும். அதற்குப் பதில் அப்பச்சோடா போட்டால் சில துளி தேசிக்காய்ப் புளியும் சேர்க்க வேண்டும். புளிப்பு இல்லாவிட்டால் சோடாவின் காரச்சுவை தங்கிவிடும்.

அளவும் செய்முறையும்

சுமார் 24 பிஸ்கட்டுக்கு: கோதுமை மா 200 கிராம், வறுத்த அரிசி மா 50 கிராம், சீவிய கித்துள் கருப்பட்டி 100 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம், கெட்டித் தேங்காய்ப் பால் 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, கறுவாத் தூள் அரைத் தேக்கரண்டி, பொடித்த கராம்பு ஒரு சிட்டிகை, உப்பு கால் தேக்கரண்டி.

முதலில் தேங்காய்ப்பூவைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து ஆற வைக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அதன் ஈரம் பிஸ்கட்டை விரைவில் கெடுக்கும். கருப்பட்டியைத் தேங்காய்ப் பாலில் சூடாக்கிக் கரைத்து வடித்து, வெதுவெதுப்பாகும் வரை ஆறவிட வேண்டும். கொதிக்கும் பாகை ஊற்றினால் மாவு அங்கங்கே வெந்து கட்டிபடும், பேக்கிங் பவுடரின் வாயுவும் அடுப்புக்குப் போகுமுன்னே வெளியேறும்.

மா வகைகள், உப்பு, வாசனைத் தூள், பேக்கிங் பவுடர் ஆகியவற்றைச் சலித்து, எண்ணெய் விட்டு விரல் நுனியால் உதிரியாகப் பிசிற வேண்டும். எண்ணெய் மாவைப் பூசிக்கொண்டால் குளூட்டன் இழை நீள்வது தடைப்படும். பிஸ்கட் மொறுமொறுப்பாவது இதனால்தான். பிறகு தேங்காய்ப்பூவையும் பாகையும் சேர்த்து, ஒன்று திரளும் அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும். ரொட்டி மாவைப்போல் அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் இறுகும். மாவு உதிர்ந்தால் தேங்காய்ப் பால் ஒரு கரண்டி கூட்டலாம். சிறு உருண்டைகளாக்கி அரை அங்குலக் கனத்துக்குத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்க வேண்டும்.

அவனில் 170 பாகையில் 14 முதல் 16 நிமிடம் போதும். எடுக்கும்போது நடுப்பகுதி மெதுவாகவே இருக்கும், ஆறும்போது இறுகும். கருப்பட்டியால் மாவே பழுப்பாக இருப்பதால் மேல்நிறம் மட்டும் பதம் காட்டாது. ஒன்றைத் திருப்பி அடிப்பகுதி கருஞ்சிவப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

விறகடுப்பில் சுடுதல்

தோட்டத் தொழிலாளர் வாழும் லய (வரிசை) வீடுகளில் அவன் அரிது, விறகடுப்பு பரவலானது. அடிகனமான பெரிய சட்டியில் இரண்டு அங்குலம் உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலியோ கவிழ்த்த தகரக் கிண்ணமோ வைத்து, மூடி 15 நிமிடம் சூடேற்ற வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் பிஸ்கட்டை அடுக்கி உள்ளே வைத்து மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பினால் மேலிருந்தும் வெப்பம் கிடைக்கும். மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் இம்முறை பிபிக்கன் போன்ற பலகாரங்களுக்கும் உரியது. சட்டியில் 20 முதல் 25 நிமிடமாகும்.

விறகின் தன்மையும் முக்கியம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் மெல்லிய மிலாறு (குச்சி) சட்டென்று எரிந்து அடங்கும் என்பதால் பற்றவைக்க ஏற்றது. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் கிடைக்கும் தடித்த இறப்பர் கட்டை தணலாகி நின்று சூடு தரும். சுடும்போது சுவாலை அடங்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே வேகுமுன் அடி கருகும்.

காலநிலையும் சேமிப்பும்

இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் ஈரவலய நகரம். இந்தக் காற்றில் திறந்து வைத்த பிஸ்கட் ஒரே நாளில் நமத்துவிடும். முற்றாக ஆறிய பின்பே இறுக்கமான தகர டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே நீராவி படியும். அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைப்பது ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். நமத்ததை மீண்டும் 5 நிமிடம் சூடேற்றினால் மொறுமொறுப்பு திரும்பும்.

விலையும் வகைகளும்

2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் சமையல் எரிவாயுவும் தட்டுப்பாடாயின. முட்டை விலையும் ஏறியதால் 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. அது முதலில் பேக்கரித் தேவைக்கே ஒதுக்கப்பட்டது. முட்டை, பால், எரிவாயு மூன்றும் வேண்டாத இப்பண்டம் அத்தகைய தட்டுப்பாட்டால் குறைவாகவே பாதிக்கப்படும். ஆயினும் கோதுமை மாவும் தேங்காயும் விலையேறும்போது இதன் செலவும் ஏறும்.

கோதுமை மாவில் மூன்றிலொரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றலாம். குரக்கனில் குளூட்டன் இல்லாததால் பிஸ்கட் எளிதில் உடையும். அதற்கேற்பத் தேங்காய்ப் பால் ஒரு கரண்டி கூட்ட வேண்டும். பொடித்த இஞ்சி சேர்த்தால் இஞ்சி பிஸ்கட், வறுத்த எள் சேர்த்தால் எள் பிஸ்கட்.

நனிசைவம் என்பதால் மட்டும் இது குறைந்த கொழுப்புள்ள உணவாகாது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. கருப்பட்டியும் இனிப்பே என்பதால் நீரிழிவு உள்ளவர் இதைச் சீனி பிஸ்கட்டைப் போலவே அளவாக உண்ண வேண்டும்.