ஜீப்பின் இருட்டு

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் உள்விளக்கு கிடையாது. டேஷ்போர்டு மீட்டர்களுக்காக முக்காடு போட்ட இரண்டு சின்ன பல்புகள் உண்டு, அதோடு சரி. இன்று பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிப்பவர்களில் பலர் இதை ஒரு குறையாக, செலவை மிச்சம்பிடிக்க விட்டுவிட்ட வசதியாக எண்ணுகிறார்கள். தார்ப்பாய்க் கம்பியில் ஒரு பல்பைக் கட்டி, கைக்கு எட்டிய வயரிலிருந்து இணைப்பை இழுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த இருட்டு திட்டமிட்டு வைத்த இருட்டு. வெளிச்சம் தேவைப்பட்டால் கையில் கொண்டுவருவதுதான் அந்த வண்டியின் வழக்கம். ஆகவே வண்டியின் ஒயரிங்கைத் தொடாமல், தன் சொந்த பேட்டரியில் எரியும் விளக்குதான் அதற்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

வண்டியே இதற்குச் சாட்சி சொல்கிறது. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் விளக்கு அமைப்பு முழுவதும், எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் வண்டி ஓட்டலாம் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி எழுந்தது. ஹெட்லைட் சுவிட்சில் ஒரு தடைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் முழு வெளிச்ச நிலைக்கு இழுக்க முடியாது. இருட்டில் கை தவறி விளக்கைப் போட்டு, எதிரி விமானத்துக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இடது மட்கார்டு மேல் மறைப்பு போட்ட தனி விளக்கு ஒன்று. பின்பக்கத்தில் பூனைக்கண் போன்ற துவாரங்கள் கொண்ட விளக்குகள். பின்னால் வரும் ஓட்டுநர் அந்தப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து தெரிகின்றனவா, பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்தே இடைவெளியைக் கணித்துக்கொள்வார். 60 அடிக்கும் 180 அடிக்கும் இடையில் போய்க்கொண்டிருந்தால் வரிசை சரி. இத்தனை நுணுக்கமாக யோசித்தவர்கள் உள்விளக்கை மட்டும் மறந்திருப்பார்களா? இருட்டில் எஞ்சினைப் பழுதுபார்க்க வெளிச்சம் வேண்டுமே என்பதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் காது வைத்த திருகைக் கையாலேயே தளர்த்தி, பானட்டைத் தூக்கி, விளக்கைப் பின்பக்கம் புரட்டினால் அது எஞ்சின் மேல் அடிக்கும். கூடுதலாக ஒரு பல்பு தேவைப்படவில்லை. ஜீப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

வரைபடம் பார்க்க, கடிதம் எழுத, பெட்டியில் சாமான் தேட என்ன செய்தார்கள்? டார்ச் லைட். அமெரிக்க ராணுவத்தின் டிஎல்-122 டார்ச்சின் தலை வளைந்திருக்கும். சட்டையில் மாட்டிக்கொண்டால் கை இரண்டும் காலியாக இருக்கும். உள்ளே இரண்டு கட்டை பேட்டரி. 1866-இல் லெக்லாஞ்சே செய்த மின்கலம் திரவம் தளும்பும் ஜாடியாக இருந்தது. 1880களில் காஸ்னர் அதை உலர் கலமாக்கிய பிறகுதான் வெளிச்சம் சட்டைப்பையில் ஏறியது. இப்படி ஜீப்புக்குள் வந்த வெளிச்சம் மனிதனோடு ஏறி மனிதனோடு இறங்கியது.

பழைய ஜீப்பின் மின்சாரத்திலும் காரணம் இருக்கிறது. போர்க்கால ஜீப் 6 வோல்ட் வண்டி. 5 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 0.42 ஆம்பியர் இழுத்தால், 6 வோல்ட்டில் 0.83 இழுக்கும், அதே வயரில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. வயர்களின் நூல் சுற்றிய ரப்பர் உறை இத்தனை ஆண்டுகளில் வெடித்துப் பொடிந்திருக்கும். அந்த வயர்க் கட்டிலிருந்து புதிதாக ஒரு கிளை எடுப்பது ஆபத்து. ஜீப்பின் வகையைச் சேர்ந்த இன்னொரு பழைய வண்டியான, 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் 12 வோல்ட்தான். ஆனால் 1960களின் பிற்பகுதி வரை அது பாசிட்டிவ் எர்த் வண்டி. சேஸிஸே பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்று கடையில் கிடைக்கும் எல்இடி விளக்கை வழக்கம்போல் இணைத்தால் எரியாது. முனைகளை மாற்றி இணைத்தாலோ, உலோகக் கூடு நெகட்டிவாக உள்ள விளக்கானால், அது பாடியில் பட்டதும் ஷார்ட்.

வண்டியில்தான் பெரிய பேட்டரி இருக்கிறதே, சின்ன பேட்டரி எதற்கு என்று கேட்பார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. இழை பல்பு காலத்தில் 5 வாட் விளக்கை இரண்டு கட்டை பேட்டரியில் எரியவிட்டால் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும்; கூரை விளக்கு என்றால் வண்டி பேட்டரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். 1990களின் நடுவில் வெள்ளை எல்இடி விற்பனைக்கு வந்ததும் கணக்கு மாறியது. அதற்கு வழிவிட்ட நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 5 வாட் பல்பின் வெளிச்சத்தை இன்று அரை வாட்டில் பெறலாம். சார்ஜ் செய்யக்கூடிய இரண்டு பென்சில் பேட்டரியில் எட்டு மணி நேரமாவது எரியும். பழைய டைனமோவோ எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய எதையும் தராது. முகாமில் இரவு முழுக்க வண்டி பேட்டரியில் விளக்கெரித்தால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

இன்னொரு மறுப்பு சேகரிப்பாளர்களிடமிருந்து வரும்: ஒட்டுகிற எல்இடி விளக்கு அந்தக் காலத்துப் பொருள் இல்லையே? உண்மைதான். ஆனால் அசல் தன்மையைக் கெடுப்பது துளையும் வெட்டிய வயரும்தான். கழற்றினால் தடம் தெரியாத பொருள் எதையும் கெடுப்பதில்லை. எல்லா ஜீப்புக்கும் இதே தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. 1953-இல் பிறந்த சிஜே-3பி மாதிரியை உரிமம் பெற்று மஹிந்திரா பல பத்தாண்டுகள் நம் நாட்டில் தயாரித்தது. அதன் வழியில் வந்த எம்எம்540 போன்றவை 12 வோல்ட், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகள். தினசரி ஓடும் அப்படிப்பட்ட வண்டியில் தனி ஃப்யூஸ் வைத்து ஒயரிங் செய்வதே மேல்.

பழைய வண்டியில் மாட்டுவதற்கும் யோசனை வேண்டும். வில்லிஸின் பாடி இரும்புத் தகடு. காந்த விளக்கு எங்கு வைத்தாலும் ஒட்டும். லேண்ட் ரோவரில் ஒட்டாது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் அதன் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸிஸும் டேஷ்போர்டைத் தாங்கும் முன்சுவரும் இரும்பு. முன் இருக்கைக்கு அந்தச் சுவரில் காந்தம் போதும். பின்பக்கத்துக்குத் தார்ப்பாய்க் கம்பியில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஓடும்போது எரியவிடுவதானால் மங்கிய சிவப்பு நல்லது. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கலைத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவைக்க வேண்டாம். சாதாரண பேட்டரி போட்டிருந்தால், வண்டியை ஷெட்டில் நிறுத்தும் மாதங்களில் கழற்றி வைத்துவிடுங்கள். கசிந்தால் விளக்கின் தகடுகளை அரித்துவிடும்.